முதலில் நிலம், பிறகு சட்டி

பொகவந்தலாவைப் பகுதியிலுள்ள பழைய லயன்களின் சுவர்களை உற்று நோக்குவோர் ஒன்றைத் தவறாமல் காண்பர். சுண்ணாம்பு பெயர்ந்த இடுக்குகளிலும், கூரைத் தகரத்தின் ஓரங்களிலும், பாலத்துக் கற்களுக்கு இடையிலும் சிறு செடிகள் பளபளக்கும் இலைகளோடு தலைநீட்டிக் கொண்டிருக்கும். அவற்றை மனிதர் எவரும் விதைக்கவில்லை. எங்கோ பழம் தின்ற பறவை எச்சமிட்ட இடத்தில் அவை முளைத்திருக்கின்றன. பெரும்பாலும் அவை ஆல், அரசு, அத்தி, இச்சி என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையாக இருக்கும். விட்டுவைத்தால் சுவரைப் பிளந்துவிடும் என்பதால் நாம் அவற்றைப் பிடுங்கி எறிந்து விடுகிறோம்.

அப்படி எறியப்படும் ஒரு கன்றை எடுத்து, சில ஆண்டுகள் பொறுமையோடு வளர்த்தால், நூறாண்டு கண்ட ஒரு பெருமரத்தின் தோற்றத்தை ஒரு முழ உயரத்துக்குள் கொண்டுவர முடியும். இக்கலைக்கே பொன்சாய் என்று பெயர். எமது தோட்டங்களில் ஆர்வமுள்ள இளைஞர்களும் பெண்களும் இதனை முயன்று பார்க்கத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் பலர் முதற்படியிலேயே கன்றைத் தவறான இடத்தில் வைத்துவிட்டு, பின்னர் மரம் தேறவில்லை என்று கைவிட்டு விடுகின்றனர். அவர்களுக்கு உதவும் நோக்குடனேயே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பொன்சாய் என்றால் என்ன?

பொன்சாய் என்னும் ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நடப்பட்டது என்பது பொருள். எனினும் இக்கலை பிறந்த இடம் சீனா. அங்கு கி.பி. 706 அளவில் அமைக்கப்பட்ட ஓர் இளவரசனின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு மரங்களும் கற்களும் வைத்த தட்டைப் பணியாளர் ஏந்திச் செல்லும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. சீனாவிலிருந்து ஜப்பானுக்குச் சென்ற இக்கலை அங்கே செழித்து, பிற்காலத்தில் உலகெங்கும் பரவியது.

சட்டியில் வைத்த மரம் நோஞ்சானாக இருக்கும், விரைவில் இறந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. 1625 ஆம் ஆண்டு முதல் சட்டியில் வளர்க்கப்பட்டு வந்த ஒரு வெள்ளைப் பைன் மரம் ஹிரோஷிமா நகரில் ஒரு குடும்பத்தாரிடம் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு வீழ்ந்தபோது, வெடிப்பிலிருந்து சுமார் மூன்று கிலோமீற்றர் தூரத்தில் மதிற்சுவர் ஒன்றின் மறைவில் நின்ற அம்மரம் தப்பிப் பிழைத்தது. 1976 இல் அது அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டு, வாஷிங்டன் நகரில் இன்றும் பசுமையாக நிற்கிறது. அது குண்டுவீச்சுக்குத் தப்பிய மரம் என்ற செய்தியே, 2001 இல் அக்குடும்பத்தாரின் பேரப்பிள்ளைகள் அதனைப் பார்க்கச் சென்றபோதுதான் வெளிப்பட்டது.

நானூறு ஆண்டுகள் ஒரு மரம் சட்டியில் வாழ்வது பட்டினியால் நிகழக்கூடியதன்று. வேரும் இலையும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்கும்படி வெட்டி, வெட்டிய அளவுக்கு உணவும் நீரும் கொடுத்து, தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வந்ததன் பயன் அது.

தேயிலைத் தூரும் ஒரு குறுமரமே

இவ்விடயத்தில் மலையக மக்களுக்கு ஒரு பெரும் அனுகூலம் உண்டு. மரத்தைக் குறுக்கி வளர்க்கும் வேலை இங்கு புதிதன்று. தேயிலை இயல்பில் ஒரு மரம். வெட்டாமல் விட்டால் இருபது, முப்பது அடிக்கும் மேல் வளரக்கூடியது. விதைக்காக வெட்டாமல் விடப்பட்ட தேயிலையைப் பார்த்தவர்களும், கைவிடப்பட்ட மலைகளில் காடாகிப்போன தேயிலையைப் பார்த்தவர்களும் இதனை அறிவர். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட நாள் தொடக்கம், அம்மரத்தை இடுப்பளவு உயரத்தில் வைத்திருப்பது தொழிலாளரின் கைகளே. கொழுந்து பறிக்கும் பெண்கள் கிழமைதோறும் அதன் நுனியைக் கிள்ளி மட்டம் பிடிக்கின்றனர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆண்கள் கவ்வாத்து வெட்டுகின்றனர்.

அனுபவமுள்ள கவ்வாத்துக்காரர் ஒருவர் கவனிக்கும் விடயங்களை எண்ணிப் பாருங்கள். நலிந்த தூரை அவர் ஆழமாக வெட்டுவதில்லை. வேரில் மாச்சத்துச் சேர்ந்திருந்தால்தான் வெட்டிய தூர் மீண்டும் துளிர்க்கும். அதனை அறிய வேரை நறுக்கி அயடின் தடவிச் சோதிக்கும் முறையும் உண்டு. வெட்டும்போது ஓரிரண்டு இலைக்கிளைகளை விட்டுவைப்பதும், வெட்டிய கிளைகளைத் தூரின்மேல் போட்டு வெயிலை மறைப்பதும் அதே அறிவின் பகுதிகளே. வேருக்கு உணவூட்டுவது இலை. இலையை முழுவதும் பறித்தால் வேர் தன் சேமிப்பில்தான் வாழவேண்டும். பொன்சாய்க் கலையின் அடிப்படையும் இதுவே. ஜப்பானியப் புத்தகங்களில் தேடவேண்டியதில் பாதியை எமது மக்கள் ஏற்கெனவே கையால் அறிவார்கள்.

ஆலினம் ஏன் ஏற்றது?

வெப்பநாட்டில் பொன்சாய் பழகுவோருக்கு ஆலினத்தைப் போன்ற இணக்கமான மரம் வேறில்லை எனலாம். ஆந்திர மாநிலத்தில் திம்மம்மா மர்ரிமானு என்னும் ஆலமரம் சுமார் ஐந்து ஏக்கர் பரப்பில் விழுதூன்றி நிற்கிறது. அத்தகைய பெருமரங்களின் இனத்தைச் சேர்ந்ததாயினும், ஆலினக் கன்று தன் வாழ்வைப் பாறை இடுக்கிலோ வேறொரு மரத்தின் கவட்டிலோ ஒரு பிடி மண்ணில் தொடங்கப் பழகியது. குறைந்த மண்ணில் உயிரைப் பிடித்துக்கொள்வதும், வெட்டிய இடத்தில் துளிர்ப்பதும், வேரை நறுக்கினாலும் தாங்குவதும் அதன் இயல்பு.

எல்லா ஆலினமும் சட்டிக்குப் பொருந்துவதில்லை. ஆலின் இலை பெரிது. சிறு மரத்தில் அது அழகுக்கு ஒவ்வாது. சிறிய, தடித்த, பளபளப்பான இலையுடைய இச்சியே சிறந்தது. தாவரவியலாளர் இதனை பைக்கஸ் மைக்ரோகார்ப்பா என்பர். நாற்றுப் பண்ணைகளில் அழகுச் செடியாக விற்கப்படும் பைக்கஸ் பெஞ்சமினாவும் ஏற்றதே. பேராதனைப் பூங்காவின் பெரும் புல்வெளியில் குடை விரித்து நிற்கும் ஜாவா அத்தி அவ்வகையைச் சேர்ந்தது.

அரச மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பௌத்த சகோதரருக்கு அது புனிதமானது. இந்து மக்களும் அதனடியில் பிள்ளையாரை வைத்து வணங்குகின்றனர். அதனை வெட்டுவதையும் வளைப்பதையும் கண்டு அயலார் மனம் நோகலாம். வேறு மரங்கள் தாராளமாகக் கிடைக்கும்போது அரசை விட்டுவிடுவதே நன்று.

கன்றைத் தேடுதல்

காட்டுக்குள் சென்று கன்று பிடுங்கவேண்டாம். சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காடும் ஹோட்டன் சமவெளியும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள். 2010 இல் அவை உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டன. அங்கிருந்து செடிகளை எடுப்பது சட்டப்படி குற்றமாகும். சுவரிலும் கானிலும் முளைத்து, எப்படியும் பிடுங்கி எறியப்படவிருக்கும் கன்றே நமக்குப் போதும். மழை பெய்து சுவர் ஊறியிருக்கும் நாளில், சிறு ஆணியால் இடுக்கைக் கிளறி, வேர் அறாமல் மெதுவாக எடுக்கவேண்டும்.

வேர் சுவருக்குள்ளேயே அகப்பட்டுவிட்டால் கவலை வேண்டாம். பென்சில் அளவு தடித்த கிளையில் ஐந்து, ஆறு அங்குலத் துண்டுகளை வெட்டி, வடியும் பாலைத் துடைத்து, மேல் இலை இரண்டை மட்டும் விட்டு, மணல் கலந்த மண்ணில் நட்டு, பொலித்தீனால் மூடி நிழலில் வைத்தால் வேர்விடும். தேயிலைத் தவறணையில் வேலை செய்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

முதல் மூன்று ஆண்டுகள்

பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்திலேதான். கன்று கிடைத்தவுடன் அதனை அழகிய சிறு தட்டில் நட்டுவிடுகின்றனர். ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் அது பென்சில் தடிப்பிலேயே நிற்கும். மரம் என்று சொல்ல அதில் எதுவும் இராது. காரணம் எளிது. அடிமரம் தடிப்பது இலைகள் செய்யும் உணவால். இலை பெருக வேர் பெருகவேண்டும். வேர் பெருக மண் வேண்டும். சிறு தட்டில் இம்மூன்றும் அகப்படுவதில்லை.

ஆகவே முதல் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் கன்றை நிலத்தில் சுதந்திரமாக வளரவிடுங்கள். மரக்கறிப் பாத்தியின் ஓரம் போதுமானது. வீட்டுச் சுவருக்கும் கானுக்கும் அருகில் மட்டும் நடவேண்டாம். நிலமில்லாதவர்கள் பழைய வாளியிலோ உரச்சாக்கிலோ மண் நிரப்பி, அடியில் துளைகளிட்டு நடலாம். நடும்போது வேருக்கு அடியில் ஒரு தட்டைக் கல்லையோ ஓட்டையோ வைத்தால், வேர் கீழே ஆழமாகச் செல்லாமல் சுற்றிலும் பரவும். பிற்காலத்தில் சட்டிக்கு மாற்றவும் அது இலகுவாகும்.

இக்காலத்தில் கன்று ஓர் ஆள் உயரம் வளர்ந்தாலும் வெட்டவேண்டாம். அடிமரம் பெருவிரல் தடிப்பையோ அதற்கு மேலோ அடைந்தபின், நமக்கு வேண்டிய உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் துணிந்து வெட்டவேண்டும். வெட்டின் கீழே புதிய துளிர்கள் தோன்றும். மேலே உள்ள ஒன்றைத் தலைக்கிளையாகத் தெரிந்துகொண்டு மீண்டும் வளரவிட்டால், அடி பெருத்து நுனி சிறுத்த உண்மையான மரத்தின் வடிவம் வரும்.

சட்டிக்கு மாற்றுதல்

பொகவந்தலாவை 1,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்தது. ஆலினமோ வெப்பத்தை விரும்புவது. எனவே சமவெளியில் எழுதப்பட்ட வழிகாட்டிகளை அப்படியே பின்பற்ற முடியாது. மார்கழி, தை மாதக் குளிர் இரவுகளில் மரத்தின் வளர்ச்சி தூங்கிவிடும். அப்போது வேரை வெட்டினால் ஆறாது. பங்குனி, சித்திரையில் வெயில் சூடேறியபின், தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் மாற்றுவதே தக்கது.

விலையுயர்ந்த சட்டி தேவையில்லை. ஆழம் குறைந்த மண்சட்டியோ பழைய பேசினோ போதும். அடியில் இரண்டு, மூன்று துளைகள் கட்டாயம் வேண்டும். சலித்த தோட்டமண் ஒரு பங்கு, மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, பருமணல் அல்லது உடைத்த செங்கல் ஒரு பங்கு எனக் கலந்துகொள்ளலாம். தேயிலை மலை மண் புளிப்புத் தன்மை கூடியது. தேயிலைக்கு அது நல்லது. ஆலினத்துக்கு அவ்வளவு நல்லதன்று. ஒரு சட்டி மண்ணுக்கு ஒரு தேக்கரண்டி டொலமைட் கலந்தால் புளிப்புத் தணியும்.

மரத்தைக் கிளப்பி, வேரில் மூன்றில் ஒரு பங்கை நறுக்கி, அதற்கு ஈடாக இலைகளையும் குறைத்து நடவேண்டும். மரம் ஆடாதபடி சட்டியின் துளைவழியே கம்பியிட்டுக் கட்டுங்கள். இரண்டு, மூன்று கிழமைகள் நிழலில் வைத்து, புதிய துளிர் கண்டபின் வெயிலுக்குக் கொண்டுவரலாம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்விதம் வேர் நறுக்கி மண் மாற்றவேண்டும்.

கத்தியும் கம்பியும்

ஒவ்வொரு கிளையும் ஆறு முதல் எட்டு இலை விட்டபின், இரண்டு அல்லது மூன்று இலைகளை விட்டு வெட்டுங்கள். அடுத்து வரும் இலைகள் சிறுத்தும் நெருங்கியும் வரும். வெட்டினால் பால் வடியும். ஈரத் துணியால் ஒற்றினால் நின்றுவிடும். அப்பால் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். கண்ணில் படலாகாது. பிள்ளைகள் எட்டாத இடத்தில் வேலை செய்வதும், பின்னர் கையைக் கழுவுவதும் அவசியம்.

கிளையை வளைக்க அலுமினியக் கம்பியோ பழைய மின்வயரிலிருந்து உரித்த செப்புக் கம்பியோ பயன்படும். ஆலினத்தின் பட்டை விரைவாகப் பருப்பதால் கம்பி பட்டையில் பதிந்துவிடும். மூன்று கிழமைக்கு ஒருமுறை பார்த்து, பதியத் தொடங்கினால் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். சுற்றி அவிழ்த்தால் கிளை முறியலாம். விழுது வேண்டுவோர், கிளையில் தோன்றும் சிறு வேரைக் குளிர்பானம் குடிக்கும் குழாய்க்குள் விட்டு மண்வரை கொண்டுவரலாம். எமது ஈரக்காற்று இதற்கு உதவும்.

நீரும் உணவும்

மேல்மண் காயும்போது, அடித்துளைவழி வடியும்வரை நீர் ஊற்றவேண்டும். வறட்சியில் இது நாளாந்த வேலை. ஆனி, ஆடி மழையிலோ சட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றவேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். லயன் அறையின் இருட்டில் வைத்தால் கிளை நீண்டு இலை உதிரும். நாளின் பாதியாவது வெயில் படவேண்டும்.

இரு கிழமைக்கு ஒருமுறை நீர்த்த சாணக் கரைசல் போதும். தேயிலைக்கு இடும் உரத்தில் தழைச்சத்து மிகுதி. அதனை இட்டால் இலை பெருத்துக் கணு நீளும். செதில்பூச்சியும் மாப்பூச்சியும் கண்டால் சவர்க்கார நீரால் துடைத்து, பின்னர் நல்ல நீரால் கழுவிவிடலாம்.

வருமானம் கிடைக்குமா?

பலரும் கேட்கும் கேள்வி இது. பார்ப்பதற்கு மரமென்று சொல்லத்தக்க ஒன்றை ஆக்குவதற்கு ஐந்து ஆண்டுகளாவது செல்லும். இன்று நட்டு நாளை விற்கலாம் என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டாம். அதற்காகக் கடன்படவும் வேண்டாம். ஒரு குடும்பம் தன் நாட்சம்பளத்துக்கு மாற்றாக இதனைக் கருதமுடியாது. ஆனால் வருடந்தோறும் பத்துக் கன்றுகளை நிலத்தில் நட்டு வருவோரிடம், ஆறாம் ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் விற்கக்கூடிய சில மரங்கள் இருக்கும். செலவு மிகக் குறைவு. மாதர் சங்கமோ இளைஞர் குழுவோ பொதுவில் ஒரு சிறு தவறணையாக இதனை நடத்துவது தனியாள் முயற்சியிலும் நல்லது. ஒருவர் வெளியூர் சென்றாலும் நீரூற்ற இன்னொருவர் இருப்பார்.

சட்டியும் எமது பிள்ளைகளும்

கிராமிய வங்கியைத் தோற்றுவித்து 2006 இல் நோபல் பரிசு பெற்ற பங்களாதேஷின் முகம்மது யூனுஸ், ஏழைகளைப் பொன்சாய் மரங்களுக்கு ஒப்பிட்டுப் பல இடங்களில் பேசியுள்ளார். காட்டின் மிக உயர்ந்த மரத்தின் விதையைப் பூச்சட்டியில் நட்டால் அது ஒரு முழமே வளரும். விதையில் குறையில்லை, அதற்குக் கிடைத்த மண்ணே குறைவு என்பது அவர் சொல்லும் கருத்து. ஒன்றரை நூற்றாண்டாக லயன் அறைகளில் தலைமுறைகளைக் கழித்த மக்களுக்கு இதனை எவரும் விளக்கவேண்டியதில்லை.

சட்டியில் மரம் வளர்ப்போர் இதனுடன் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். சட்டியின் அளவைவிடச் சட்டியில் வைக்கப்படும் வயது முக்கியமானது. நிலத்தில் வேரூன்றி அடிபெருத்த மரம் சிறு தட்டிலும் கம்பீரமாக நூறாண்டு நிற்கும். முளைத்தவுடன் தட்டுக்குப் போன கன்று பின்னர் எவ்வளவு உரமிட்டாலும் அத்தட்டில் தடிப்பதில்லை.

சாதாரண தரப் பரீட்சை எழுதுமுன்பே கொழும்பு வீடுகளுக்கும் கடைகளுக்கும் அனுப்பப்படும் எமது பிள்ளைகளை இங்கு நினையாமல் இருக்க முடியவில்லை. 2016 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயமானது. 2021 இல் வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயதும் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் மாறியபின்னும் தரகர்கள் வருகின்றனர். வீட்டு நெருக்கடியும் மாறவில்லை. மாதம் சில ஆயிரம் ரூபாய் அந்நேரத்தில் பெரிதாகத் தோன்றுவதை நாம் அறிவோம். அப்பெற்றோரைப் பழிப்பது எமது நோக்கமன்று. ஆனால் அந்தச் சில ஆண்டுகளே அடிமரம் தடிக்கும் ஆண்டுகள். அவை போனால், பிறகு கிடைக்கும் எந்தப் பயிற்சியும் மெல்லிய தண்டின்மேல்தான் நிற்கவேண்டியிருக்கும்.

உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. மரத்தைச் சட்டியில் வைப்பதா நிலத்தில் விடுவதா என்பது வளர்ப்பவரின் விருப்பம். பிள்ளையைப் பொறுத்தவரை அந்த விருப்பம் எவருக்கும் இல்லை. அதுமட்டுமன்று; சட்டியிலுள்ள இச்சியையே மீண்டும் நிலத்தில் நட்டால், வேர் பரவி அது தன் இயல்பான உயரத்தை நோக்கி வளரத் தொடங்கிவிடும். படிப்பை இடையில் விட்டு ஊர் திரும்பிய இளைஞருக்கு மாலை வகுப்பும் தொழிற்பயிற்சியும் ஒழுங்குசெய்யும் எமது குழுக்கள் இதனை மனதிற் கொள்வது நல்லது. காலம் கடந்துவிட்டது என்று எவரையும் கைவிடவேண்டியதில்லை.

கன்று வளர்க்க விரும்பும் குழுக்கள் வரும் பங்குனிக்கு முன்பே நிலத்தைத் தெரிவுசெய்து, தட்டைக் கற்களையும் எருவையும் சேர்த்து வைக்கட்டும். சட்டி வாங்க அவசரம் வேண்டாம். அதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன.